ஐரோப்பாவில் ஊர்விட்டு ஊர் செல்ல ரயிலா, காரா?

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லவிருக்கும் செட்டிநாட்டு வாசகர்கள் பலர், நகரத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் செல்வதா, வாடகைக் கார் எடுத்துக்கொள்வதா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறாக இருப்பதால், பதில்களும் வேறுபடுகின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் கணவரும், 13 வயதிலும் 9 வயதிலுமாக இரண்டு பிள்ளைகளும், எழுபதைக் கடந்த மாமனார் மாமியாருமாக ஆறு பேர் மே மாதம் பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் ஆகிய ஊர்களுக்குச் செல்கிறோம். ஏழு பேர் அமரும் காரை எடுத்துக்கொண்டால் பெட்டிகளைச் சுமந்து அலைய வேண்டியதில்லை, செலவும் குறையும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கணவர் சென்னைக்கும் பெங்களூருக்கும் தாமே கார் ஓட்டிச் செல்பவர். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
— வாசகி, காரைக்குடி

நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து ஊர்களுக்கும் ரயில்தான் பொருத்தம். பயணம் முழுவதையும் ஒன்றாக வைத்து ரயிலா காரா என்று கேட்காமல், ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும்.

பாரிஸிலிருந்து லூசெர்னுக்குச் சாலைவழி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பிரான்சின் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. பாரிஸ் நகரைவிட்டு வெளியேறும் நேரத்தையும், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகற்பொழுது முழுவதும் சாலையிலேயே போய்விடும். பாரிஸின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து புறப்படும் அதிவேக ரயில் சுமார் மூன்று மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடைகிறது. அங்கே வேறு ரயிலுக்கு மாறினால் மேலும் ஒரு மணி நேரத்தில் லூசெர்ன். இறங்கும் நிலையம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. பிரான்ஸ் இந்த வகை ரயிலைப் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே தொடங்கிய ஆண்டு 1981. காரைக்குடிக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவை ஒத்த அந்தத் தூரத்தை அது இன்று இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. நம் ஊர் ரயிலின் வேகத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடுவதால்தான் பலருக்குக் கார் விரைவாகப் போய்ச் சேர்க்கும் என்ற எண்ணம் வருகிறது.

அடுத்த கட்டம் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்குவது. கோட்ஹார்ட் சாலைச் சுரங்கத்தின் வாயிலில் ஈஸ்டர், கோடை விடுமுறை நாட்களில் வாகனங்கள் கிலோமீட்டர்க் கணக்கில் காத்து நிற்பது ஆண்டுதோறும் நடக்கிறது. ரயிலுக்கோ 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 57 கிலோமீட்டர் நீளமுள்ள தனிச் சுரங்கம் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. உலகிலேயே மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். லூசெர்னிலிருந்து மிலானுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், மிலானிலிருந்து வெனிஸுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும்.

வெனிஸில் கார் ஓடும் தெருவே இல்லை என்பதை உறவினர்களிடம் சொல்லுங்கள். காரில் வருபவர்கள் ஊரின் வாயிலில் உள்ள பியாட்ஸலே ரோமா என்னும் இடத்திலோ, அதற்கு முன்பாகவோ நிறுத்திவிட்டு, தங்கும் நாட்கள் முழுவதற்கும் நிறுத்தக் கட்டணம் செலுத்தவேண்டும். ரயிலில் வருபவர்கள் சாந்தா லூச்சியா நிலையத்தின் படிகளில் இறங்கினால் எதிரே பெருங்கால்வாய். அங்கிருந்தே படகு ஏறிவிடலாம். முன்பதிவின்போது நிலையத்தின் பெயரைக் கவனமாகப் பாருங்கள். வெனிஸ் மெஸ்த்ரே என்பது தீவு நகருக்கு வெளியே, நிலப்பகுதியில் உள்ள வேறு நிலையம். வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃப்ளாரன்ஸிலிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டு நகரங்களின் பழைய பகுதிகளிலும் வெளியூர்க் கார்கள் நுழைவதற்குத் தடை இருப்பதைப் பற்றிக் கீழே பள்ளத்தூர் வாசகருக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஏழு பேர் அமரும் கார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது வரிசை இருக்கைகளை விரித்துவிட்டால் பின்னால் பெட்டி வைப்பதற்கு மிகக் குறைந்த இடமே எஞ்சும். ஆறு பேரும் இரண்டு வாரத்துக்கான பெட்டிகளும் வசதியாகப் போகவேண்டும் என்றால் ஒன்பது பேர் அமரும் வேன்தான் வேண்டியிருக்கும். அதன் உயரத்துக்கு நகரங்களின் நிலத்தடி நிறுத்தங்கள் பலவற்றில் இடம் இல்லை. பாரிஸில் எடுத்த வண்டியை ரோமில் ஒப்படைப்பதாக இருந்தால், வேறு நாட்டில் விட்டுச்செல்வதற்கான கட்டணம் வாடகையையே மிஞ்சும் அளவுக்குச் செல்வதுண்டு. வாடகையை மட்டும் விசாரிப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் வரை இந்தத் தொகை கண்ணில் படுவதில்லை.

உங்கள் கணவர் நன்றாக ஓட்டுபவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியர் வலக்கையில் வரும். பகலில் பழகிவிடும் இந்த மாற்றம், பயணக் களைப்போடு இருட்டிய பிறகு ஒரு பெருநகருக்குள் நுழையும்போதுதான் சோதனையாகிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, குடும்பத்துக்காக உழைத்து விடுமுறை எடுத்து வருகிற மனிதர் அந்த விடுமுறையில் சாலைக் குறியீடுகளையும் வழிகாட்டித் திரையையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வரக்கூடாது என்பதைத்தான். ரயிலில் ஆறு பேரும் எதிரெதிரே அமரலாம். மாமனாரும் மாமியாரும் எழுந்து நடக்கலாம். கழிப்பறை சில அடி தொலைவில் இருக்கும். பிள்ளைகளுக்குச் சன்னல் இருக்கும். கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவதற்கும் தடையில்லை.

ரயிலில் போவதற்கு நீங்கள் செய்யவேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு. அங்கே சுமைதூக்குவோர் கிடைக்கமாட்டார்கள். ஆளுக்கொரு பெட்டி, அதுவும் அவரவர் தாமே தூக்கி இரண்டு படி ஏற்றக்கூடிய எடையில் இருக்கவேண்டும். இடைநிலையங்களில் ரயில் சில நிமிடங்களே நிற்கும் என்பதால், பெரியவர்கள் ஏறுவதற்கு ஒருவரும் பெட்டிகளை ஏற்றுவதற்கு ஒருவருமாக முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பாரிஸிலும் இத்தாலியிலும் நடைமேடை எண் ரயில் புறப்படுவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்னர்தான் பலகையில் வரும். அதற்காகப் பதற்றப்பட வேண்டாம். பிரான்சில் அதிவேக ரயிலின் கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ரயில் கட்டணம் தலைக்குத் தலை ஏறுகிறது, காருக்கோ எத்தனை பேர் ஏறினாலும் ஒரே வாடகை. நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது ரயில் எப்படிக் கட்டுப்படியாகும்? யூரெயில் பாஸ் வாங்குவது நல்லதா?
— வாசகர், தேவகோட்டை

கணக்குப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள்; எனவே கணக்காகவே பதில் சொல்கிறேன். காரின் செலவு வாடகையோடு நிற்பதில்லை. பெட்ரோல் லிட்டருக்குப் பெரும்பாலான நாடுகளில் ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டு யூரோ வரை. பாரிஸிலிருந்து லியோன் வரை சுங்கக் கட்டணம் மட்டும் 40 யூரோவை ஒட்டி வரும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் செல்வதற்கான ஆண்டு அனுமதி வில்லை (காரின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டு) 40 ஃபிராங்க். ஒரு நாள் சென்றாலும் முழு ஆண்டுக்கானதைத்தான் வாங்கவேண்டும். ஆஸ்திரியாவில் நாள் கணக்கிலும் வில்லை கிடைக்கும். ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. பெருநகர மையங்களில் வண்டியை ஒரு நாள் நிறுத்தி வைப்பதற்கு 30 யூரோவுக்கு மேல் கேட்பது வழக்கம். விபத்து நேர்ந்தால் நாம் ஏற்கவேண்டிய தொகையைக் குறைப்பதற்கான கூடுதல் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கேட்டால் வாடகை இன்னும் உயரும். நகரத்தில் தங்கும் நாட்களில் ஓடாமல் நிற்கும் காருக்கும் வாடகை உண்டு என்பது பலரும் விட்டுவிடுகிற கணக்கு.

ரயிலில் விலையைத் தீர்மானிப்பது நீங்கள் எப்போது வாங்குகிறீர்கள் என்பதே. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி ஆகிய நாடுகளின் தொலைதூர ரயில்களில் சீட்டு விலை, விமானச் சீட்டின் விலையைப்போலவே, நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் வாங்குபவர், புறப்படும் நாளில் வாங்குபவர் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துப் பயணம் செய்யலாம். இத்தாலியில் 2012ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனத்தின் அதிவேக ரயில்களோடு இத்தாலோ என்ற தனியார் ரயில்களும் போட்டிக்கு ஓடுவதால் சலுகை விலைகள் எளிதில் கிடைக்கின்றன. இந்த மலிவுச் சீட்டுகள் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். அதைத் தவறவிட்டால் பணமும் போய்விடும் என்பதால், விமானத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே புறப்படும் ரயிலுக்கு அவற்றை வாங்க வேண்டாம்.

யூரெயில் பாஸ் என்பது பல நாடுகளின் ரயில்களில் செல்வதற்கான ஒரே சீட்டு; 33 நாடுகளில் செல்லுபடியாகும். 4 முதல் 11 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் இருவர் வரை இலவசமாக அழைத்துச் செல்லலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பத்து சதவீதச் சலுகை உண்டு. ஆனால் பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அதிவேக ரயில்களுக்கும், லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டாருக்கும், இரவு ரயில்களுக்கும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு இன்றியே ஏறலாம். எனவே திட்டத்தை அன்றாடம் மாற்றிக்கொண்டு பல ஊர்களுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ் பயன்படும். நான்கைந்து ஊர்களுக்கு, நாள் குறித்து, முன்கூட்டியே வாங்குபவர்களுக்குத் தனித்தனிச் சீட்டுகளே மலிவு. நம் வாசகர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகையினர் என்பது என் கணிப்பு.

சுவிட்சர்லாந்து மட்டும் இதில் விலக்கு. அங்கே சுவிஸ் டிராவல் பாஸ் ஒன்றை வாங்கிவிட்டால் ரயில், பேருந்து, ஏரிப் படகு, நகரப் போக்குவரத்து அனைத்தும் அதில் அடங்கும். பெற்றோருடன் செல்லும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. யுங்ஃபிராவ்யோக் போன்ற மலை உச்சிகளுக்குத் தள்ளுபடி மட்டும் கிடைக்கும். அங்கே கார் வைத்திருப்பவரும் செர்மாட், வெங்கன், மியூரன் ஆகிய ஊர்களுக்குக் காரைக் கீழே நிறுத்திவிட்டு ரயிலிலோ இழுவை வண்டியிலோதான் ஏறவேண்டும். அவ்வூர்களுக்குள் வெளியார் கார்கள் செல்ல இயலாது.

சென்ற கோடையில் என் மகன் இத்தாலியில் வாடகைக் கார் ஓட்டினார். ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து, தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததாக இரண்டு அபராதக் கடிதங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அங்கே எந்தக் காவலரும் அவரை நிறுத்தவில்லையாம். இது உண்மையாக இருக்குமா?
— வாசகர், பள்ளத்தூர்

உண்மையாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகள் ‘ஸ்ஸெத்தா தி எல்லே’ (ZTL) எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஃப்ளாரன்ஸ், ரோம், பீசா, சியெனா முதலிய ஊர்களிலும் சிறிய ஊர்கள் பலவற்றிலும் இவை உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரைந்த பலகையும் அதன்மேல் ஒரு கேமராவும் மட்டுமே அங்கே இருக்கும். தடுப்புக் கம்பியோ காவலரோ இருக்கமாட்டார்கள். மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் அப்போது தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். கேமரா வண்டி எண்ணைப் பதிவு செய்யும். நகராட்சி வாடகை நிறுவனத்திடம் ஓட்டியவரின் முகவரியைக் கேட்கும். அந்த விவரத்தைக் கொடுத்ததற்காக நிறுவனம் முதலில் ஒரு கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்ளும். அபராதக் கடிதம் அதற்குப் பிறகு வரும். வெளிநாட்டவருக்கு அறிவிப்பு அனுப்ப அவர்களுக்கு 360 நாட்கள் அவகாசம் இருப்பதால்தான் இவ்வளவு தாமதம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம் என்பதால் ஒரே மாலையில் இரண்டு முறை நுழைந்திருந்தாலும் இரண்டு கடிதங்கள் வருவது இயல்பு.

கடிதத்தில் உள்ள வண்டி எண், நாள், நேரம் ஆகியவற்றை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் கடிதம் வந்த ஐந்து நாட்களுக்குள் செலுத்துபவருக்கு உள்ள தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. பழைய நகருக்குள் உள்ள விடுதியில் தங்கியிருந்தால், விடுதியார் வண்டி எண்ணை நகராட்சியிடம் பதிவு செய்து அனுமதி பெற்றுத் தரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை உங்கள் மகன் கேட்டிருந்தாரா என்பதையும் விசாரியுங்கள். இனிப் போகிறவர்கள் விடுதி முன்பதிவின்போதே இதைக் கேட்டுவிடவேண்டும்.

புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். நகரங்களைவிட இத்தாலியின் கிராமப்புறங்களைப் பார்க்க விரும்புகிறோம். அதற்கும் ரயில்தானா?
— வாசகர், பொன்னமராவதி

இல்லை. உங்கள் பயணத்துக்குக் கார் வேண்டும். டஸ்கனியின் மொந்தெபுல்ச்சானோ, பியென்ஸா, சான் ஜிமிஞானோ போன்ற குன்றின்மேல் அமைந்த ஊர்களுக்கு ரயில் நிலையம் அருகில் இல்லை. பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் மேலும் குறைவு. வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் சைப்ரஸ் மரங்கள் வரிசையிட்ட சாலைகளில் நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்குவது காரில் மட்டுமே இயலும். பிரான்சின் பிரோவான்ஸ், இத்தாலியின் டோலமைட் மலைகள், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலம், அயர்லாந்தின் மேற்குக் கரை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். இவற்றில் கடைசி இரண்டிலும் நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது கூடுதல் ஆறுதல்.

ஆயினும் காரை முழுப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு ரயிலில் வாருங்கள். நகரைப் பார்த்து முடித்தபின், மையத்திலிருந்து டிராம் ஏறி விமான நிலையம் சென்று அங்கே காரைப் பெற்றுக்கொள்ளுங்கள். நகர மையத்தில் காரை எடுத்தால் மேலே சொன்ன கட்டுப்பாட்டு வலயத்தின் விளிம்பிலிருந்தே ஓட்டத் தொடங்கவேண்டியிருக்கும். மூன்று நான்கு நாட்கள் கிராமங்களில் சுற்றிவிட்டு அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடுத்த நாட்டிலேயே, எடுத்த இடத்திலேயே ஒப்படைத்தால் கூடுதல் கட்டணம் இராது. காரைப் பெறும்போது நான்கு பக்கமும் கீறல்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் வெள்ளைக் கோடிட்ட இடத்தில் நிறுத்துவது இலவசம், நீலக் கோட்டுக்குக் கட்டணம், மஞ்சள் கோடு நமக்கு உரியதன்று. ரவுண்டானாவில் வலப்பக்கமாகத் திரும்பி நுழையவேண்டும் என்பதையும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிடவேண்டும் என்பதையும் முதல் நாள் காலையில் ஒரு வெற்றுச் சாலையில் பழகிக்கொண்டு புறப்படுங்கள்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே போதுமா?
— வாசகர், கோட்டையூர்

போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலி, ஆஸ்திரியா உட்படப் பல நாடுகளில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் உடன் இருக்கவேண்டும். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரிய பரிவாகன் இணையதளத்தில் கடவுச்சீட்டு, விசா, உரிமம் ஆகியவற்றைக் காட்டி விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். மூல உரிமத்தையும் எடுத்துச் செல்லுங்கள், அது இல்லாமல் அனுமதிப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்கவேண்டும் என்பது வாடகை நிறுவனங்களின் பொதுவான விதி. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வண்டி ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கவேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

மகன் பிராங்பர்ட்டில் வேலை பார்க்கிறார், சொந்தக் கார் வைத்திருக்கிறார். நானும் மனைவியும் அவரோடு பிராக், வியன்னா, புடாபெஸ்ட் பார்க்க விரும்புகிறோம். மனைவிக்கு முழங்கால் வலி; படி ஏறுவது சிரமம். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ரயிலில் போகலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

முதல் பாதிக்கு மகனுடைய காரையும், இறுதிக் கட்டத்துக்கு ரயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

ஜெர்மன் ரயில்களின் காலந்தவறாமை பற்றிய அந்தப் பெயர் பழையது. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம் மட்டுமே குறித்த நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதம் அந்தக் கணக்கில் தாமதமாகவே கொள்ளப்படுவதில்லை. நெடுங்காலம் பராமரிக்கப்படாத தண்டவாளங்களை இப்போது ஒவ்வொரு வழித்தடமாக மூடிப் புதுப்பித்துவருகிறார்கள். தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இழப்பீடு உண்டு: ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி. ஆனால் முழங்கால் வலியோடு ஒருவர் இணைப்பு ரயிலுக்காக ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு விரையும் சிரமத்துக்கு அந்தப் பணம் ஈடாகாது. பிராங்பர்ட்டிலிருந்து பிராக்குக்குப் போகும் வழியோ இடையில் ரயில் மாறவேண்டிய, ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணம். சாலையில் 500 கிலோமீட்டரைச் சற்றே கடந்த தூரம். பாதி வழியில் நூரன்பெர்க் நகரில் நிறுத்தி, கோட்டையைப் பார்த்து, மதிய உணவை முடித்துக்கொண்டு மாலைக்குள் பிராக் சேர்ந்துவிடலாம். மகன் அங்கேயே வசிப்பவர் என்பதால் உரிமம், வலப்பக்க ஓட்டம், வாடகைக் கட்டணம் ஆகிய சிக்கல்கள் எதுவும் இல்லை. காரைக்குடி வாசகிக்கு ரயில் என்று சொன்ன நானே உங்களுக்குக் கார் என்று சொல்வதற்கு இந்த வேறுபாடுகள்தாம் காரணம்.

ஜெர்மன் நெடுஞ்சாலைகளின் பெரும்பகுதியில் வேக வரம்பு இல்லை. 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. மகனை அந்த வேகத்துக்குள்ளேயே ஓட்டச் சொல்லுங்கள். செக் நாட்டுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நெடுஞ்சாலை அனுமதியை எல்லையைத் தொடும் முன்பே இணையத்தில் வாங்கிவிடவேண்டும். வழியோர ஓய்விடங்களில் கழிப்பறைக்குச் சுமார் ஒரு யூரோ கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வியன்னாவில் 2022ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ நகரம் முழுவதும் தெருவோர நிறுத்தத்துக்குக் காலவரம்பும் கட்டணமும் வந்துவிட்டன. நகரின் விளிம்பில் மெட்ரோ நிலையங்களை ஒட்டியுள்ள ‘பார்க் அண்ட் ரைடு’ நிறுத்தங்களில் காரைக் குறைந்த செலவில் விட்டுவிடலாம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட்டுக்கு ரயில் ஏறுங்கள். நடுவில் மாற்றம் இல்லாமல் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் பயணம். மனைவிக்கு ஏறி இறங்க உதவி தேவை என்பதை 24 மணி நேரத்துக்கு முன்பாக ரயில் நிறுவனத்துக்குத் தெரிவித்தால், சக்கர நாற்காலியும் ஏற்றிவிடும் சாதனமும் கட்டணமின்றி ஏற்பாடு செய்து தருவார்கள். இது சலுகை அன்று, சட்டப்படி அவர்கள் செய்யவேண்டிய கடமை, கேட்பதற்குத் தயங்கவேண்டாம். வியன்னாவுக்குத் திரும்பிக் காரை எடுத்துக்கொண்டு பிராங்பர்ட் செல்லும் 700 கிலோமீட்டரையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள பாசாவிலோ ரேகன்ஸ்பர்க்கிலோ ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள்.

லண்டனில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப்போகிறோம். அங்கிருந்து பாரிஸுக்கு ஒரு வாரம் போய்வர யூரோஸ்டார் நல்லதா, மருமகனின் காரில் கடல் கடந்து போவது நல்லதா?
— வாசகி, புதுவயல்

பாரிஸ் மட்டும்தான் என்றால் யூரோஸ்டார். லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டியே ஆகும்; 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்கிறது. பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் குடியேற்றச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடுவதால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே முன்னதாகச் செல்லவேண்டும். காரையும் இங்கிலாந்துக் கரையில் உள்ள ஃபோக்ஸ்டனில் தனி ரயிலில் ஏற்றி 35 நிமிடத்தில் பிரான்சுக் கரையில் உள்ள கலே சேர்க்கலாம். ஆனால் அங்கிருந்து பாரிஸ் வரை மருமகன் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரை வலப்பக்கச் சாலையில் ஓட்டவேண்டும். பாரிஸ் அடைந்த பின் அந்தக் கார் வாரம் முழுவதும் நிறுத்தத்தில் கிடக்கும். நார்மண்டி கடற்கரையையும் லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் கார் பொருள்படும்.

உங்களுக்கு இதைவிட அவசரமான வேலை விசா. பிரிட்டனுக்கான விசாவில் பாரிஸ் செல்ல இயலாது; பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அதைப் பொதுவாக நாம் வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பித்துப் பெறவேண்டும் என்பதால், லண்டன் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பாரிஸிலிருந்து லண்டனுக்குத் திரும்பவேண்டியிருப்பதால், உங்கள் பிரிட்டன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் பலகாரங்களில் மிச்சத்தைப் பாரிஸுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால் சீப்புச் சீடையும் தேங்குழலும் போகட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலில் செய்தவற்றையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்ப் புட்டியையும் பால்கோவாவையும் லண்டன் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.